வெள்ளத்துக்குப் பிறகு கிணறு தெளிவித்த சகோதரர்கள்: மூதூரிலிருந்து ஒரு மதிப்பீடு

மாவலி ஆறு பெருகி வீட்டுக் கிணற்றுக்குள் வெள்ளம் இறங்கினவர்களுக்காக இதை எழுதுகிறேன். மூதூரிலும் கட்டைபறிச்சான் பக்கத்து ஊர்களிலும் கிணறு இறைத்துத் துப்புரவு செய்து தருகிற அண்ணன் தம்பி இருவர் இருக்கிறார்கள். கூட ஒரு பொடியன். லேண்ட்மாஸ்டர் என்கிற இருசக்கர உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஒரு பம்ப், இரண்டு நீலப் பரல், ஏணி, கயிறு, நீளமான மூங்கில் துடுப்பு, இவ்வளவுதான் சாமான். பெயர்ப்பலகை இல்லை. கடைத்தெருவில் விசாரித்தால் ஆளைக் காட்டிவிடுவார்கள். எங்கள் வீட்டுக் கிணற்றை அவர்கள்தான் சரியாக்கித் தந்தார்கள். நல்ல வேலை என்று மனம் நிறைந்து சொல்கிறேன்.

நான் ஒரு நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வுகூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். கலங்கல் தண்ணீரும் படிகாரமும் என் கைக்குப் பழக்கம். அதனால் அவர்கள் வேலை செய்த நேரம் முழுக்கக் கிணற்றுக்கட்டோடு நின்று பார்த்தேன். இங்கே கிணறு கழுவுகிறவர்கள் பலர். சேறு அள்ளுவதும் குளோரின் போடுவதும் எல்லோருக்கும் தெரியும். தண்ணீரில் தொங்கி நிற்கிற களித் துணிக்கைகளை ஒன்றோடொன்று சேரவிட்டு, சேர்ந்த திரளை உடைக்காமல் அடிக்கு இறக்குகிற பக்குவம் எல்லோருக்கும் தெரியாது. இவர்களுக்குத் தெரிகிறது. நான் இவர்களை மற்றவர்களுக்குச் சொல்வதற்குக் காரணம் அது ஒன்றுதான்.

முதல் நாள் வந்தபோது பம்பை இறக்கவே இல்லை. அதுவே எனக்குப் பிடித்தது. தம்பி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணன் வளவைச் சுற்றி நடந்து குதியால் மண்ணை அமத்திப் பார்த்தார். அமத்திய இடமெல்லாம் தண்ணீர் ஊறியது.

"அக்கா, இப்ப இறைக்க ஏலா. சுத்திவர நிலம் முழுக்கத் தண்ணி. உள்ளுக்கு வெறுமையாக்கினா வெளித் தண்ணி நெருக்கிக் கிணத்து வளையம் உள்ள சரியும்."

"அதுவரைக்கும் என்ன செய்யிற தம்பி? தண்ணிப் பவுசர் ஒருநாள் வருது, ஒருநாள் வரல்ல."

"பரல்ல தெளிய வச்சுத் தாறம். குடிக்கிறதக் கொதிக்க வையுங்க. நிலம் வத்தட்டும், பிறகு கிணத்தைப் பாப்பம்."

இது சரியான பேச்சு. வெள்ளம் ஊறிய நிலத்தில் கிணற்றை ஒரேயடியாக வெறுமையாக்குவது ஆபத்து. இந்தக் கரையில் இருக்கிற நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு, கடல்நீர் புகுந்த கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். மேலே நின்ற நல்ல தண்ணீர் போய், கீழே கிடந்த உப்புத் தண்ணீர் ஏறி வந்ததுதான் மிச்சம். அண்ணன்காரருக்கு அந்தக் காலம் நன்றாக நினைவிருக்கிறது. அப்போது அவர் தகப்பனோடு இறைப்புக்குப் போன சின்னப் பொடியனாம்.

எங்கள் தண்ணீர் செம்மண் நிறத்தில் நின்றது. "விட்டால் தானாகத் தெளியும்" என்று அயலவர்கள் சொன்னார்கள். மணல் தெளியும், ஓர் இரவு காணும். களி தெளியாது. ஒரு மைக்ரோமீற்றர் பருமனான களித் துணிக்கை, அசையாத தண்ணீரில் ஒரு மீற்றர் இறங்க ஏறக்குறையப் பத்து நாள் எடுக்கும். பருமன் அதில் பத்திலொரு பங்கு என்றால் இறங்கும் வேகம் நூறிலொரு பங்காகும். அந்த வேகத்தில் இறங்குகிறதை, பகல் சூட்டுக்கும் இரவுக் குளிருக்கும் தண்ணீர் மெல்லப் புரளுவதே மேலே தூக்கிவிடும். தண்ணீர் மூலக்கூறுகளும் நாலா பக்கமும் இருந்து இடித்து அதை அலைக்கழித்துக்கொண்டே இருக்கும். தனித்தனியாக இருக்கும்வரை அவை கீழே போகாது. சேர்ந்தால்தான் போகும்.

சேர்ப்பதற்குப் படிகாரம். அதைக் கண்மதிப்பாக அள்ளிப் போடுகிறவர்களைத்தான் அதிகம் கண்டிருக்கிறேன். சிலர் கட்டியைத் துணியில் முடிந்து வாளிக்குள் நாலு சுற்றுச் சுற்றுவார்கள். இவர் போத்தல் சோதனை வைத்தார். நாங்கள் ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குவளையும் மின்துடுப்பும் வைத்துச் செய்கிற அதே சோதனைதான். 10 லீற்றரில் 100 கிராம் படிகாரம் கரைத்து ஒரு கானில் வைத்திருக்கிறார். அதில் ஒரு மில்லி எடுத்தால் 10 மில்லிகிராம். ஒரு லீற்றர்ப் போத்தல் ஐந்தில் எங்கள் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, ஊசி கழற்றிய சிறிஞ்சால் 2, 3, 4, 5, 6 மில்லி என்று விட்டார். மூடியை இறுக்கி ஒவ்வொன்றையும் பலமாகக் குலுக்கினார். பிறகு பொடியன் ஐந்தையும் ஒரு பலகையில் படுக்க வைத்து, உள்ளங்கையால் முன்னும் பின்னும் உருட்டத் தொடங்கினான். அவ்வளவு மெதுவாக உருட்டினான்.

நான் டோர்ச்சை எடுத்துவந்து, 4 மில்லி விட்ட போத்தலின் பக்கவாட்டில் பிடித்தேன். முதலில் வெளிச்சம் உள்ளே நுழைந்ததும் பரந்து மங்கி, போத்தல் முழுக்க ஒரே செம்மஞ்சள் புகார். அந்த நிலையில் துணிக்கை ஒன்றையும் கண்ணால் காண முடியாது, அவை சிதறடிக்கிற ஒளியைத்தான் காண்கிறோம். கொஞ்ச நேரம் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு அந்தப் புகாரில் ஒரு சொரசொரப்பு வந்தது. சொரசொரப்புப் பொட்டாயிற்று. பொட்டுக்கும் பொட்டுக்கும் இடையில் கறுப்பு விழுந்தது. அந்தக் கறுப்புத்தான் தெளிந்த தண்ணீர், ஒளியைச் சிதறடிக்க அங்கே ஒன்றும் இல்லை. பால் திரிகிறபோது முதலில் ஒன்றும் தெரியாமல் இருந்து, பிறகு கட்டி வேறு தண்ணீர் வேறாக நிற்குமே, அதே மாதிரி. பொடியன் உருட்டுவதை நிறுத்தியபோது இரண்டு மில்லிமீற்றர் வரும் திரள்கள் போத்தலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. எத்தனையோ தரம் பார்த்த காட்சிதான். இப்போதும் கண்ணை எடுக்க முடியவில்லை.

2 மில்லி போத்தலில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 6 மில்லி போத்தல் 4 மில்லியைவிடக் கலங்கலாக நின்றது. இதைப் படிகாரம் பாவிக்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். களித் துணிக்கையின் மேற்பரப்பில் மறை மின்னேற்றம் இருக்கிறது. எல்லாம் ஒரே ஏற்றம் என்பதால் கிட்ட வரும்போது ஒன்றையொன்று தள்ளும். தண்ணீரில் உப்பு இருந்தால் அந்தத் தள்ளல் எட்டுகிற தூரம் சுருங்கும். துணிக்கைகள் தொடும், தொட்டால் ஒட்டும். 335 கிலோமீற்றர் ஓடிவருகிற மாவலி கொட்டியாரக் குடாவில் விழுகிற இடத்தில் கடல் இதைத்தான் செய்கிறது. ஆறு சுமந்துவந்த களி உப்புநீரைத் தொட்டதும் திரண்டு இறங்கத் தொடங்கிவிடும். கிணற்றில் உப்பைக் கொட்ட முடியாது. படிகாரத்தில் உள்ள அலுமினியத்துக்கு மூன்று நேர் ஏற்றம். சூல்ட்சே - ஹார்டி விதி என்று ஒன்று இருக்கிறது. அதன் கோட்பாட்டுக் கணக்குப்படி, திரளவைக்கும் வலு ஏற்றத்தின் ஆறாம் அடுக்கோடு ஏறும். மூன்றின் ஆறாம் அடுக்கு 729. அதாவது சோடியம் எவ்வளவு வேண்டுமோ, அதில் 729இல் ஒரு பங்கு அலுமினியம் காணும். அதற்கு மேல், அலுமினியம் தண்ணீரில் ஐதரொட்சைட்டு வீழ்படிவாகி, இறங்குகிற வழியில் களியையும் வாரிக்கொண்டு போகும். ஆனால் அளவு கூடினால் துணிக்கையின் ஏற்றமே மாறி நேர் ஏற்றமாகிவிடும். மறுபடி தள்ளல்தான். "கூடப் போட்டா கெதியாத் தெளியும்" என்று நினைத்துப் படிகாரத்தை அள்ளிக் கொட்டாதீர்கள்.

அண்ணன் 4 மில்லியைத் தேர்ந்தார். 200 லீற்றர்ப் பரலுக்கு 800 மில்லி கரைசல், அதாவது 8 கிராம். நான் மனதுக்குள் போட்ட கணக்கும் அதுவே. மழைத் தண்ணீர் கலந்த கிணற்றில் காரத்தன்மை குறைவாக இருக்கும், படிகாரம் அதை இன்னும் தின்னும் என்பதால் ஒரு சிட்டிகை சுண்ணாம்பையும் கரைத்து வைத்திருந்தார்.

கரைசலை ஊற்றிய கையோடு தம்பி துடுப்பால் ஒரு நிமிடம் விசையாகக் கலக்கினார். படிகாரம் தண்ணீரோடு செக்கனுக்குள் தாக்கம் புரிந்துவிடும். அதற்குள் பரல் முழுக்கப் பரவாவிட்டால் ஒரு மூலையில் எல்லாம் செலவாகிவிடும். பிறகு அண்ணன் துடுப்பை வாங்கினார். ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று செக்கன் என்று ஆறுதலாக, நிறுத்தாமல், இருபது நிமிடத்துக்குக் கிட்டச் சுற்றினார். கை நோகும் வேலை. தம்பி கேட்டும் கொடுக்கவில்லை.

இந்த இரண்டு வேகத்துக்கும் பின்னால் இருக்கிற கணக்கை 1916, 1917ஆம் ஆண்டுகளில் மரியன் ஸ்மொலுகோவ்ஸ்கி என்ற போலந்து இயற்பியலாளர் எழுதினார். இரண்டு துணிக்கை சந்திக்கிற வீதம், இரு பக்கத்து எண்ணிக்கைகளின் பெருக்கத்தோடு போகும். ஆகவே மொத்த எண்ணிக்கை பாதியாகக் குறைய எடுக்கிற நேரம், தொடக்கத்தில் எவ்வளவு நெருக்கமாக இருந்தன என்பதற்கு நேர்மாறு. மிகச் சிறியவை தானாக அலைந்தே சந்திக்கும். ஒரு மைக்ரோமீற்றர் அளவைத் தாண்டியதும் அந்த அலைச்சல் போதாது, தண்ணீர் அசைய வேண்டும். மெல்லக் கலக்கும்போது பக்கத்துப் பக்கத்துத் தண்ணீர்ப் படைகள் வேறு வேறு வேகத்தில் நகர்கின்றன. முந்துகிற படையில் இருக்கிற திரள், பிந்துகிற படையில் இருக்கிறதை எட்டிப் பிடிக்கிறது. இப்படிப் பிடிக்கிற வேகம் பருமனின் மூன்றாம் அடுக்கோடு ஏறுவதால், வளர்ந்த திரள் இன்னும் விரைவாக வளரும்.

அதே அசைவு உடைக்கவும் செய்யும். திரள் பெரிதானால் அதன் ஒரு பக்கம் விரைவான படையிலும் மறுபக்கம் மெதுவான படையிலும் நிற்கும், நடுவில் பிய்யும். ஒரே வேகத்தில் கலக்கிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் சேருவதும் பிய்வதும் சமமாகி, திரளின் பருமன் ஓர் அளவில் நின்றுவிடும். வேகத்தைக் கூட்டினால் அந்த அளவு சிறுத்துவிடும். சனிக் கிரகத்தின் வளையங்களுக்கும் இதே வகைக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். அங்கே சில சென்ரிமீற்றர் தொடக்கம் பத்து மீற்றர் அளவு வரையான பனிக்கட்டித் துணிக்கைகள் மெல்ல மோதினால் சேர்கின்றன, விசையாக மோதினால் சிதறுகின்றன. பருமன் இரட்டித்தால் எண்ணிக்கை ஏறக்குறைய எட்டிலொரு பங்காகிற ஓர் ஒழுங்கு அதிலிருந்து வருகிறது என்று 2015இல் காட்டினார்கள். எங்கள் வளவுப் பரலுக்கும் சனியின் வளையத்துக்கும் ஒரே சமன்பாடு எழுதலாம் என்பது எனக்கு எப்போதும் பெரிய சந்தோசம்.

படிகாரத் திரளிடம் ஒரு குணம் உண்டு. ஒருதரம் உடைத்தால், மறுபடி எவ்வளவு ஆறுதலாகக் கலக்கினாலும் பழைய பருமனுக்கு வராது. இது தெரியாததால் எங்கள் அயல் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். போன தரம் அங்கே வேறொரு குழு வந்தது. படிகாரம் போட்டார்கள், நன்றாகத்தான் திரண்டது. திரண்ட தண்ணீரை இறங்க விடாமல் உடனே மின்பம்பால் மேல்தாங்கிக்கு ஏற்றிவிட்டார்கள். பம்புக்குள் இருக்கிற சுழலி நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்குக் கிட்டச் சுற்றுகிறது. அதற்குள் போன திரள் தூளாகித்தான் வெளியே வரும். தாங்கியில் தண்ணீர் பழையபடி கலங்கலாக நின்றது. அதன் மேல் குளோரினையும் போட்டுவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்தது. நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது.

இவர்கள் பரலை முதலிலேயே மேட்டுக் கட்டில் தூக்கி வைத்துத்தான் நிரப்பினார்கள். தெளிந்த பிறகு அசைக்கவில்லை, பம்பும் வைக்கவில்லை. அடியிலிருந்து ஒரு சாண் மேலே நிற்கிற மாதிரி ஹோஸின் வாயை ஒரு தடியில் கட்டி, தண்ணீரைத் தானாக வடியவிட்டார்கள். ஹோஸையும் முழுக்கத் திறக்கவில்லை. "வேகமா வடிச்சா அடியில கிடக்கிறது எழும்பி வரும் அக்கா" என்றார் தம்பி.

எழும்பி வருவதற்குக் காரணம், அந்தத் திரளில் பெரும்பகுதி தண்ணீர்தான். 1981இல் விட்டன், சாண்டர் என்ற இருவர் கணினியில் துணிக்கைகளை ஒவ்வொன்றாக அலையவிட்டு ஒட்டவைத்துப் பார்த்தபோது, உருண்டை வரவில்லை, கிளை பிரிந்த உரு வந்தது. துணிக்கையோடு துணிக்கை மட்டுமல்லாமல் திரளோடு திரளும் சேர்ந்தால், தொட்டவுடன் ஒட்டினால், அந்த உருவின் பின்னப் பரிமாணம், அதாவது பருமன் கூடும்போது நிறை எந்த அடுக்கோடு ஏறுகிறது என்ற எண், 1.8 அளவில் வரும். கல் ஒன்று பத்து மடங்கு பெருத்தால் நிறை ஆயிரம் மடங்காகும். இந்தத் திரள் பத்து மடங்கு பெருத்தால் நிறை அறுபத்துச் சொச்சம் மடங்குதான் ஆகும். மிச்ச இடமெல்லாம் வெளி, அதற்குள் தண்ணீர். ஆகவே பெரிய திரள் எல்லாம் நல்ல திரள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பொங்கிப் பரந்த திரள் ஆறுதலாக இறங்கும், தொட்டால் கலையும். மெல்ல நெடுநேரம் கலக்கும்போது நீட்டிக்கொண்டிருக்கிற கிளைகள் பிய்ந்து வேறிடத்தில் ஒட்டி, திரள் இறுகும். அண்ணன் கையை எடுக்காமல் சுற்றியது அதற்குத்தான். நடுவில் ஒருதரம் குனிந்து பார்த்து, "இன்னும் பொங்கித்தான் கிடக்கு, இறுகேல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி சுற்றினார்.

பரலின் அடிவண்டல் முழுவதையும் அவர் கொட்டவில்லை. ஒரு கை உயரத்துக்கு விட்டு, அடுத்த தண்ணீரை அதன் மேலேயே நிரப்பினார். அது சோம்பல் இல்லை. ஏற்கெனவே வளர்ந்த திரள்கள் தண்ணீருக்குள் நிற்கும்போது, புதிதாக வருகிற சின்னத் துணிக்கைகளுக்குச் சந்திக்க ஆள் தயாராக இருக்கிறது. பெரிய நிலையங்களில் இதற்கென்றே தொட்டி கட்டுகிறார்கள். இரண்டாம் பரல் முதலாவதைவிடக் கெதியாகத் தெளிந்ததை நான் மணிக்கூட்டை வைத்துப் பார்த்தேன்.

நிலத்தடித் தண்ணீர் இறங்கிய பிறகு கிணற்று வேலைக்கு வந்தார்கள். அதை நீட்டி எழுதத் தேவையில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து, வளையத்தைப் பார்த்துப் பார்த்து இறங்கி, அடிச்சேற்றை வாளியில் ஏற்றி, சுவரைத் தூரிகையால் தேய்த்து, ஊற்று வரவிட்டு, வந்த முதல் தண்ணீரையும் வெளியே இறைத்தார்கள். ஒருவர் உள்ளே இறங்கினால் இருவர் மேலே கயிற்றோடு நின்றார்கள். எரிபொருளில் ஓடுகிற பம்பைக் கிணற்றுக்குள் இறக்கவே மாட்டோம் என்று சொன்னார்கள். அந்தப் புகை கிணற்றுக்குள் ஆளைக் கொல்லும், இதில் விட்டுக்கொடுக்காதது எனக்குப் பெரிய ஆறுதல்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. மறுபடி நிரம்பிய தண்ணீரில் செம்மண் நிறம் போய்விட்டது, ஆனால் ஒரு மெல்லிய மங்கல் போகவில்லை. அடி வளையம் தெரியவில்லை. நிறையக் கலங்கிய தண்ணீரைத் தெளிவிப்பதைவிட, கொஞ்சம் கலங்கிய தண்ணீரைத் தெளிவிப்பது கடினம். ஸ்மொலுகோவ்ஸ்கியின் கணக்கே அதைச் சொல்கிறது: துணிக்கைகள் ஐதாக இருந்தால் ஒன்றையொன்று கண்டுபிடிக்க நெடுநேரம் எடுக்கும். நம் ஆட்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் "இது காணும்" என்று விட்டுவிடுவார்கள். இவர்கள் மறுபடி போத்தல் வைத்தார்கள். இந்தமுறை 3 மில்லி வந்தது. எங்கள் கிணறு ஐந்தடி விட்டம், அப்போது தண்ணீர் பத்தடி நின்றது. ஏறக்குறைய 5,500 லீற்றர். அதற்குப் படிகாரம் 165 கிராம். அண்ணன் அதோடு நிறுத்தாமல், அதே கிணற்றுத் தண்ணீரில் பரலில் புதிதாகத் திரளவைத்த வண்டலில் ஒரு வாளியை எடுத்துக் கிணற்றுக்குள் சரித்தார்.

என் மகன் திடுக்கிட்டுப் போனான். கழுவிய கிணற்றுக்குள் திரும்பச் சேற்றை ஊற்றுகிறாரே என்று என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். சந்திக்க ஆளில்லாமல் அலைகிற துணிக்கைகளுக்கு ஆள் கொடுக்கிற வேலை அது. மூங்கில் துடுப்பால் மேலிருந்து ஆறுதலாகக் கலக்கி, வாயை மூடி, இரவு விட்டார்கள். காலையில் மூடியைத் திறந்தபோது, கடைசி வளையத்தின் சீமெந்துப் பொருத்தும் அதன் மேல் இருந்த கரணைத் தழும்பும் தெரிந்தன. பத்தடிக்குக் கீழே.

அடியில் படிந்ததை ஹோஸை அடிவரை இறக்கி, மேலே நின்ற பம்பால் உறிஞ்சி வெளியே விட்டார்கள். வெளியே போகிறது உடைந்தால் ஒன்றும் இல்லை. வீட்டுப் பம்பின் புட்வால்வு, அதாவது உறிஞ்சு குழாயின் அடிவாய் வால்வு, முன்பு கிணற்றின் அடியோடு கிடந்தது, அதை மூன்றடி உயர்த்திக் கட்டித் தந்தார்கள். இதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை.

குளோரின் கடைசியில்தான் போட்டார்கள், அதுதான் முறை. கலங்கல் இருக்கும்போது போட்டால் கிருமி திரளுக்குள் ஒளிந்திருக்கும், குளோரினும் சேற்றிலேயே செலவாகும். கலங்கலை அளக்கிற அலகு என்.ரி.யூ. (NTU); அது 5க்குக் கீழே வந்த பிறகு போட வேண்டும். போட்டு அரை மணித்தியாலம் கழித்து லீற்றருக்கு 0.2 தொடக்கம் 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் நிற்க வேண்டும். பிறகு தண்ணீர் மாதிரியை ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தேன். மலக் கிருமி இல்லை என்று வந்த பிறகே வீட்டில் குடிக்கத் தொடங்கினோம். படிகாரம் உப்பை எடுக்காது, பூச்சிமருந்தையும் எடுக்காது. கடற்கரையோரக் கிணறு, வயல் நடுவில் இருக்கிற கிணறு என்றால் எவ்வளவு தெளிந்தாலும் சோதிக்காமல் குடிக்காதீர்கள்.

இனிக் குறைகள். மிச்சக் குளோரினை அவர்கள் மூக்கால்தான் பார்க்கிறார்கள். போத்தலில் மணந்துவிட்டு "காணும் அக்கா" என்கிறார்கள். இவ்வளவு நுணுக்கமாகப் படிகாரம் அளக்கிறவர்கள் இதில் இப்படி விடக் கூடாது. நிறம் மாறிக் காட்டுகிற சின்னச் சோதனைப் பெட்டி ஒன்று வைத்திருந்தால் வேலை முழுமையாகும். நான் என் பெட்டியை வைத்துப் பார்த்தபோது அளவு சரியாகத்தான் இருந்தது, ஆனால் எல்லா வீட்டிலும் அந்தப் பெட்டி இராது. இரண்டாவது, அடிவண்டலை வேலியோரம் கொட்டிவிட்டுப் போகப் பார்த்தார்கள். அது வெள்ளத்தில் மலக்குழித் தண்ணீரும் கலந்த சேறு, மழைக்குத் திரும்பக் கிணற்றுக்கே வரும். நான் சொன்ன பிறகு கிணற்றைவிட்டுத் தள்ளிக் குழி வெட்டி மூடினார்கள். முகம் சுளிக்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் செய்ய வேண்டியது. மூன்றாவது, சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. வெள்ளக் காலத்தில் ஊர் முழுக்கக் கூப்பிடுகிறது என்பதால் அதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

கூலி கிணற்றின் ஆழத்தைப் பார்த்து, வேலை தொடங்கும் முன்பே பேசுவார்கள். பேசியதற்கு மேல் ஒரு சதம் கேட்கவில்லை. பில் கிடையாது. அயல் வீட்டில் முன்பு வந்தவர்கள் கேட்டதைவிட இவர்களுக்குக் கூலி கூடத்தான். போத்தல் உருட்டுகிற நேரத்துக்கும் இரவு விட்டுக் காலையில் திரும்ப வருவதற்கும் சேர்த்துக் கொடுக்கிறோம், அது நியாயம் என்பேன்.

கூப்பிடும்போது கிணற்றின் விட்டம், எத்தனை வளையம், வெள்ளம் மேலால் வழிந்ததா அல்லது ஊற்றால் ஏறியதா, மலக்குழி எவ்வளவு தூரம் என்பவற்றைச் சொல்லுங்கள். உள்ளே தெரிகிற நிறமில்லாத போத்தல் ஒன்றில் கிணற்றுத் தண்ணீரை அள்ளி முதல் நாள் இரவே அசையாமல் வைத்துவிடுங்கள். காலையில் அது எவ்வளவு தெளிந்து நிற்கிறது, அடியில் எவ்வளவு படிந்திருக்கிறது என்பதை அண்ணன்காரர் வந்தவுடன் கேட்பார்.